கடைக்காரரைக் கேளுங்கள்

ஜூன் 11

வாயாடிக்கு,

நீ கூப்பிட்டபோதெல்லாம் போன் என் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். கத்திவிட்டால் அதோடு என் மனசு ஆறிவிடும், விஷயம் அப்படியே கிடக்கும். அதனால் எழுதுகிறேன்.

நீ வந்து மாமாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது உனக்குத் தெரியாது. டாக்டர் வெளியே வந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, இதய மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அத்தை கைப்பையைத் திறந்து ஒரு மூட்டுவலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அவளுக்காக எப்போதோ வாங்கியது.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவருக்கு இதை யாரு குடுக்கச் சொன்னது?" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானேடா சொன்னே."

துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்து மருந்துக்கடையைத் திறந்த அன்றுதான் புரிந்தது. கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் கம்பெனி பிரவுசரைத் திறந்து, மாமா எப்படிக் கேட்டிருப்பாரோ அப்படியே கேட்டேன். ரத்தம் நீர்க்கிற மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டி வலிக்கு மாத்திரை போடலாமா? தளங்களைப் படித்துத் தானே சுருக்கிப் பதில் சொல்கிற அந்தப் பெட்டி ஓரத்தில் வந்தது. "‘கடைக்காரரைக் கேளுங்கள்’ தளத்தின் விளக்கப்படி, மூட்டுவலி மாத்திரையை மூன்று நாள் வரை எடுத்துக்கொண்டால் பாதிப்பு இல்லை."

கடைக்காரரைக் கேளுங்கள் என்பது என் தளம். அந்தக் கடைக்காரர் நான். அதில் நான் எழுதியிருந்தது இது: "மூணு நாளைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லாத ஆள் இல்லை. அதைக் காதில் வாங்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது விஷத்துக்குச் சமம்." உங்கள் பெட்டி ஊர்ப்பேச்சை எடுத்துக்கொண்டு, என் பேச்சை விட்டுவிட்டு, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறது.

ஒரு போன் போட்டிருக்கலாம் மாமா. "மருமகனே சொல்லிட்டான், அப்புறம் எதுக்கு அவனைத் தொந்தரவு பண்ணணும், காய்ச்சல் சீசன்ல கடையில கூட்டமா இருக்கும்" என்று அத்தையிடம் சொன்னாராம்.

தளத்தை மொத்தமாக அழித்துவிட்டேன். இனி என் பெயரில் யாரும் சாகவேண்டாம்.

ஒன்று மட்டும் சொல். இது உன் கை பட்ட வேலையா?

அண்ணன்

---

ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துப் போட்டேன். சுருக்கப் பெட்டியை உருவாக்கியது வேறு ஆட்கள். நம் மொழியில் அது ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்ப்பது என் குழு. வாக்கியம் சரளமாக இருக்கிறதா, மரியாதை விகுதி சரியா, ஒற்று மிகுகிறதா. எல்லாவற்றுக்கும் நான் நல்ல மதிப்பெண் போட்டேன். அது அழகாகத்தான் பேசியது அண்ணா. பொய் இவ்வளவு இலக்கணமாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாமாவின் போனில் அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான். போன தடவை வந்தபோது, பொடி எழுத்தைப் படித்தால் கண் வலிக்கிறது என்றார். "இதை அமுக்குங்க மாமா, முழுசும் படிக்க வேண்டாம், சாரத்தை மட்டும் சொல்லும்" என்று காட்டினேன். குழந்தை மாதிரி ஒவ்வொரு செய்தியாக அமுக்கிப் பார்த்தார். ஆயுள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் இல்லையா, பொத்தானைக் கண்டால் விடமாட்டார். "நான் சரி பண்ணாத லிஃப்ட் இல்ல, ஆனா லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு விதிச்சது படிக்கட்டுதான். அதான் முட்டி போச்சு. உன் பொத்தானாவது என்னை ஏத்தாம இறக்காம உக்கார வெச்சே கூட்டிட்டுப் போகுது" என்று சிரித்தார்.

நான் ஏன் கையால் எழுதுகிறேன் என்று கேட்பாய். மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்று மத்தியானமே கம்பெனி வக்கீல் கூப்பிட்டார். இதைப் பற்றி மின்னஞ்சலிலோ போனிலோ யாரிடமும், குடும்பத்தாரிடமும்கூட, ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். வேலையில் சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தபாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வந்திருக்காது.

கோபப்படாமல் படி. தளத்தை நீ அழித்திருக்கக் கூடாது. நீ அழித்தாலும் அது மறக்காது. முன்பே படித்து வைத்திருப்பதிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருக்கும். உன் பக்கம் இருந்திருந்தால் முதல் வரியிலேயே "கூடாது" என்று மாற்றி எழுதச் சொல்லியிருப்பேன், அடுத்த முறை படிக்கும்போது திருந்தியிருக்கும். இப்போது திருத்துவதற்கு இடமே இல்லை.

உன்னால் நேராக எழுத முடியாதா அண்ணா? எப்போதும் ஊர் என்ன சொல்கிறது என்று ஆரம்பித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம்தான் பதிலுக்கு வருவாய். கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். ஆனாலும் மனசில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

தங்கை

---

ஜூலை 2

வாயாடிக்கு,

கேட்டுவிட்டாய். பதில் சொல்கிறேன்.

கடைக்கு வந்து "இந்த மாத்திரை போடலாமா" என்று கேட்கிறவன் வெறும் தலையோடு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, மைத்துனர் சொன்னது எல்லாம் தலையில் ஏற்கெனவே இருக்கும். "கூடாது" என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், மைத்துனர் சொன்னதைத்தான் செய்வான். "மூணு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு உங்க மைத்துனர் சொன்னாரா?" என்று நானே எடுத்துக் கொடுத்தால், "அட, ஆமா சார்" என்று காதைத் திறப்பான். அப்புறம்தான் ஏன் கூடாது என்று சொல்ல முடியும். நான் மனுஷனுக்கு எழுதினேன். ஓரப் பெட்டிக்கு எழுதவில்லை.

உங்கள் பெட்டி வந்ததிலிருந்தே தளத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். முன்பெல்லாம் தினமும் யாராவது கீழே கேள்வி எழுதுவார்கள். நான் திருப்பிக் கேட்பேன், சர்க்கரை உண்டா, வேறு என்ன மாத்திரை என்று. பாதி நேரம் அந்தத் திருப்பிக் கேட்பதில்தான் ஆபத்து மாட்டும். போன வருஷத்தோடு கேள்விகள் நின்றுவிட்டன. ஜனங்களுக்கு நோய் குறைந்துவிட்டது என்றா நினைக்கச் சொல்கிறாய்?

சரி, சண்டை போட இதை எழுதவில்லை. அத்தையைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்து, நான் என்று தெரிந்ததும், கதவை மூடாமல் உள்ளே போய்விட்டாள். மூடியிருந்தால்கூடப் பரவாயில்லை. கூடத்தில் நின்றேன். உள் அறையிலிருந்து வரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மின்விசிறியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். சொந்த மாமனுக்கே தப்பான மாத்திரை சொன்னவன் என்று ஊருக்குள் பரவியிருக்கிறது. மருந்துக்கடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சாவு வேறு இல்லை.

நான் எதைச் சொன்னாலும் தப்பிக்கப் பேசுகிறேன் என்றுதான் அத்தைக்குப் படும். நீ அந்தக் கம்பெனியில் இருக்கிறாய். உன்னை அவள் மடியில் போட்டு வளர்த்தாள். "அத்தை, அண்ணன் சொல்லல, எங்க மெஷின் மாத்திச் சொல்லிடுச்சு" என்று நீ சொன்னால் போதும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அண்ணன்

---

ஜூலை 15

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். அழுதுவிட்டு முகம் கழுவி, நேரே மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

நல்ல மனுஷர்தான் அவர். அதுதான் கஷ்டம். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "உங்க மாமாவுக்கு நடந்தது ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா கீழேயே போட்டிருக்கோமே, தவறு இருக்கலாம், மருத்துவரைக் கேளுங்கன்னு" என்றார்.

"அந்த எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு சார். பொடி எழுத்து படிக்க முடியலைன்னுதான் அவர் அந்தப் பொத்தானையே அமுக்கினார்" என்றேன்.

மருந்துக் கேள்விகளுக்கு மட்டும் பெட்டியை நிறுத்தி வைக்கலாமே என்று கேட்டேன். அதிகமாகக் கேட்கப்படுவதே அதுதானாம். மற்ற பிரவுசர்கள் சொல்லும்போது நாம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆட்கள் அங்கே போய்விடுவார்களாம். "பதிலை வேணும்னா சரி பண்ணலாம். நிறுத்தறதுன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். பதிலையாவது சரிசெய்ய விடுங்கள் என்றேன். அதற்கும் வரிசை இருக்கிறது. வேறு வேலைகள் முன்னால் நிற்கின்றன. நான் விடவில்லை. தினமும் அவர் வாசலில் போய் நிற்கிறேன். என்னைப் பார்த்தாலே அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

அத்தையிடம் சொல்வதைப் பற்றி. சொல்கிறேன் அண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் இப்போது சொன்னால் அத்தை சும்மா இருக்க மாட்டாள், நாலு பேரிடம் சொல்வாள். சொல்லத்தான் வேண்டும் அவள். அது இங்கே எட்டினால் அன்றே என் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பதிலைத் திருத்தச் சொல்லி இந்தக் கட்டடத்துக்குள் கேட்க ஒரு நாதி இருக்காது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். பிறகு நானே சொல்கிறேன்.

வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் அதுவும் இருக்கலாம். எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தங்கை

---

ஆகஸ்ட் 3

வாயாடிக்கு,

சாக்கு என்றுதான் நினைத்தேன். பத்து நாள் உனக்குப் பதில் எழுதாமல் இருந்ததும் அதனால்தான். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். அப்பாவுக்கு முட்டி வலி, மாத்திரை வேண்டும் என்று அதே பெயரைச் சொன்னார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் நீர்க்க ஏதோ தினமும் போடுகிறார் என்றார். தரமாட்டேன் என்றேன். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

அவர் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். "இங்க பாருங்க சார். கடைக்காரரைக் கேளுங்கள்னு ஒருத்தர் இருக்காரு, பெரிய ஆளாம். அவரே மூணு நாள் போடலாம்னு சொல்றாரு. நீங்க என்னமோ பயமுறுத்தறீங்க."

"அது நான்தான்யா" என்றேன்.

கடைப் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "நல்லா பேசறீங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கல்லாவைத் தாண்டி, செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன். வேன் தெருமுனை திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் இருக்கிற கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிக் கேட்டேன். ஒரு கடையில், இப்போதுதான் ஒருவர் வாங்கிப் போனார் என்றார்கள். எந்தப் பள்ளிக்கூடத்து வேன் என்று நான் பார்த்து வைக்கவில்லை.

தளத்தை அழித்த பிறகும் என் பெயரைச் சொல்லிக்கொண்டு அது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீ சொன்னது சரி. அத்தை காத்திருக்கட்டும். நானும் காத்திருக்கிறேன். முதலில் அதன் வாயை மூடு.

அண்ணன்

---

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணா,

முடிந்துவிட்டது! நேற்றுப் பகல் திருத்தம் வெளியே போயிற்று. மாமா கேட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "கூடாது" என்று முதல் வார்த்தையே வருகிறது. அடுத்து, வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம், உடனே மருத்துவரிடம் பேசுங்கள் என்று வருகிறது. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கொச்சையாக, எழுத்துப்பிழையோடு, எப்படிக் கேட்டாலும் கூடாது, கூடாது, கூடாது. உன் தளம் இல்லாததால் உன் பெயரையும் எடுத்துவிட்டார்கள். பழைய பதிலின் சுவடே எங்கும் இல்லை. சல்லடை போட்டுத் தேடிவிட்டேன்.

எத்தனை பேர் வாசலில் நின்றேன் என்று எழுதமாட்டேன். கடைசியில் அவர்கள் செய்தது மாமாவுக்காக அல்ல. வக்கீலுக்குப் பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான். இருக்கட்டும். வேனோட்டியின் அப்பா என்ன ஆனாரோ, அவரைப் போன்ற யார் யாரோ இனி எங்கெங்கோ பிழைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது தெரியப் போவதுமில்லை.

இன்று காலை அத்தையைக் கூப்பிட்டேன். முழுவதும் சொன்னேன். அண்ணன் சரியாகத்தான் எழுதியிருந்தான், எங்கள் பெட்டிதான் மாற்றிச் சொன்னது, அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது நான் என்று. அத்தை கேட்டுக்கொண்டாள். கடைசியில் "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். ஆனால் குரலில் கோபம் இல்லை அண்ணா. உன்னைக் கூப்பிடுவாள் என்றுதான் தோன்றுகிறது.

அவள் நாலு பேரிடம் சொல்லட்டும். அட்டையைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். எனக்கு இப்போது பயமில்லை.

தங்கை

---

அக்டோபர் 6

வாயாடிக்கு,

அத்தை கூப்பிட்டாள். நீ நினைத்தது சரிதான்.

"கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போடா" என்றாள். அந்த ‘டா’வைக் கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு, சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். இந்தத் தடவை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாமாவின் போன் மேஜைமேல் இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்து, அவர் கேட்டது போலவே வாயால் கேட்டாள். ரத்தம் நீர்க்கிற மாத்திரை சாப்பிடறேன், முட்டி வலிக்கு மாத்திரை போடலாமா?

"கூடாது" என்றது அது. நீ எழுதியிருந்தபடியே, கணீரென்று.

"உன் தங்கச்சி போன் வெச்சதும் கேட்டேன். அப்புறமும் தினம் கேக்கறேன். ஒரு நாள்கூட இது மாத்திச் சொல்லல" என்றாள். "இது சரியாத்தானேடா சொல்லுது?"

இப்போதுதான் திருத்தினார்கள் அத்தை, அப்போது வேறு மாதிரி சொன்னது என்றேன்.

"யாரு திருத்தினது?"

"தங்கச்சிதான் போராடி..."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். "பழசைக் காட்டு."

"அது இப்ப இல்ல அத்தை."

"சரி. நீ எழுதினியே, அதையாவது காட்டு. படிச்சுப் பாக்கறேன்."

"அழிச்சிட்டேன்."

"ஏண்டா அழிச்சே?"

பதில் இருந்தது என்னிடம். உனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த அறையில், அந்த முகத்துக்கு முன்னால், வாயைத் திறந்தால் அது பொய்யாகத்தான் வரும் என்று தோன்றியது. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததும் ஒரு பதில் ஆகிவிட்டது.

அத்தை கத்தவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்க மாட்டீங்க. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். அதை நான் தப்பு சொல்லல" என்றாள். "ஆனா அவர் நீ எழுதினதைப் பாத்துட்டுத்தான் என்னைக் கூப்பிட்டு, மருமகனே சொல்லிட்டான்னு சொன்னாருடா. என் காதால கேட்டேன். மெஷினுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாமப் போச்சேடா."

நான் எதை மறுப்பது? அது இப்போது சொல்வது சரியான பதில். அந்தப் பதிலை அதன் வாயில் வைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். வைக்கச் சொன்னவனே நான்தான். இன்னொரு முறை அதே நிலைமை வந்தாலும் உன்னை அதையேதான் செய்யச் சொல்வேன். அதனால் உன்மேல் எனக்குக் கோபமில்லை. யார்மேலும் கோபப்பட முடியாமல் இருப்பது இவ்வளவு களைப்பாக இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

இனி அத்தையிடம் இதைப் பற்றிப் பேசாதே. பேசப் பேச என் பக்கம் இன்னும் மோசமாகத்தான் ஆகும். லீவு கிடைத்தால் என்னைப் பார்க்க வா.

புறப்படும்போது அத்தை வாசல்வரைக்கும் வந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அந்த முட்டிவலி மாத்திரையை, ரத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறவங்க யாருக்கும் இனிமே குடுக்காதே" என்று, சின்னப் பையனுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"சரி அத்தை" என்றேன்.

அண்ணன்